ஒரு குரலை மட்டும் எடுத்த மீட்டிங் போன்

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், துதிக்கையை முதுகின் மேல் மடக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் யானைகளைப் போல ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஊரார் மச்சான் கம்பெனி என்று சொல்லும் போர்வெல் கம்பெனி ஒன்று இருந்தது. அதை மூத்தவர் பொங்கியண்ணனும் அவர் மனைவியின் தம்பி அர்ச்சுனனும் சேர்ந்து நடத்தினார்கள். அவர்களுடைய வண்டிகள் சத்தீஸ்கரில் துளைத்தன, ராஜஸ்தானில் துளைத்தன, கடல் தாண்டித் தான்சானியாவில் டொடோமாவுக்கு வடக்கே செம்மண் காட்டிலும் துளைத்தன. வண்டிகள் போன இடமெல்லாம் ஊரின் ஆண்களும் போனார்கள், ஊரில் பாதி வீடுகளில் ஆண்களின் செருப்பு இருந்தது, ஆண்கள் இல்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை டீ ஆனபிறகு மச்சான்கள் இருவரும் நீள மேசையில் உட்கார்ந்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, சத்தம் கூடட்டும் என்று அதை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்து, கேம்ப்களோடு மீட்டிங் நடத்துவது வழக்கம். டம்ளருக்குள்ளிருந்து வந்த குரல்கள் எல்லாம் தண்ணீருக்குள் பேசுவது போல் இருந்தன, ஆனாலும் பல வருடம் அப்படியே ஓடிற்று. ஒரு திங்கட்கிழமை, கடைசி ராடை எடுத்துருங்கப்பா என்று அர்ச்சுனன் இங்கே கத்தியது டொடோமாவில் எறக்குங்கப்பா என்று கேட்டு, அவர்கள் இறக்கி, துளை போடும் பிட்டும் அதன் ராடுகளும் பூமிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வராமல் போனபோது, இனி இதற்கென்றே இருக்கும் போன் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று.

"கான்ஃபரன்ஸ் போனுன்னு இருக்குதாம். மேசை நடுவுல வெச்சா எல்லாரு சத்தத்தையும் எடுக்குமாம்," என்றார் பொங்கியண்ணன். "அம்மிணி, நீயே பார்த்து நல்லதா ஒண்ணு எடுத்துரு. எங்களுக்கு ஏது நேரம்."

அம்மிணி என்று அவர் கூப்பிட்டது பூங்கோதையை. நாற்பதைத் தாண்டியவள், அப்பா அந்தக் கம்பெனியில் வேலையிலிருக்கும்போதே இறந்துபோக, அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள், வந்த ஜாதகங்கள் எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் தட்டிப்போக, அப்புறம் ஜாதகங்கள் வருவது நின்றுபோக, அதை யாரும் கவனிக்காத மாதிரியே அவளும் கவனிக்காமல் இருந்துகொண்டவள். அம்மாவும் போனபிறகு சூரியம்பாளையத்து வீட்டில் தனியாக இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை திறக்கும்வரை அவள் குரலுக்கு வெளியே வர ஒரு தேவையும் இருக்காது. திங்கட்கிழமை முதல் சொல்லுக்கு முன்னால் தொண்டையை இரண்டு முறை செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். மீட்டிங்கில் அவள் மேசையின் கடைக்கோடியில், ஜன்னலோரம் உட்காருவாள். அவள் சொல்வது டம்ளரை எட்டியதே இல்லை.

சேலத்திலிருந்து ஜோதிலிங்கம் என்ற விற்பனைக்காரர் மூன்று போன்கள் கொண்டுவந்தார். ஒன்று ஆப்பச்சட்டியைக் கவிழ்த்தது மாதிரி உருண்டையாக இருந்தது, இன்னொன்றுக்கு நட்சத்திரம் போல மூன்று கால்கள், மூன்றாவது சாம்பல் நிறத்தில் தட்டையாக, பெயர்கூட எழுதாமல், அரிசிப் பானையின் மூடி போலக் கிடந்தது. அவர் ரோட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றுகொண்டு தன் செல்லில் கேட்பது, அவள் இங்கிருந்து ஒவ்வொரு போனிலும் பேசிப் பார்ப்பது என்று ஏற்பாடு. மச்சான்கள் வெளியே போயிருந்தார்கள், மற்றவர்கள் லாரிகள் நிற்கும் யார்டில் இருந்தார்கள், அதனால் அவள் ஒருத்திதான் பேசினாள், அதுவும் தன் வழக்கமான இடத்தில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"இன்னைக்கு வெயில் சாஸ்தி," என்றாள் முதல் போனில்.

"கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்பல இருக்குதுங்க," என்றார் ஜோதிலிங்கம்.

"இன்னைக்கு வெயில் சாஸ்தி," என்றாள் இரண்டாவதில்.

"வார்த்தையோட முன்பாதிய முழுங்குதுங்க. யில் சாஸ்தின்னு கேக்குது."

மூன்றாவதில் அவள் அதையே சொன்னபோது எதிர்ப்பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "அக்கா, நீங்க பக்கத்துல வந்து நிக்கறீங்கன்னு திரும்பிப் பார்த்துட்டனுங்க," என்றார் அவர்.

அப்படி ஒருவர் அவள் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. அவள் மூன்றாவதையே எடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அதை மேசை நடுவில் வைத்து டொடோமாவைக் கூப்பிட்டார்கள். அங்கே கேம்ப் மேனேஜர் எடுத்தார்.

"ஏப்பா, அந்தப் புதுக் குழி எவ்வளவு ஆழம் போச்சு, அதைச் சொல்லு மொதல்ல," என்று அர்ச்சுனன் கத்தினார்.

"அலோ," என்றது அந்தப் பக்கம். "அலோ, யாராச்சும் இருக்கறீங்களா?"

"நாந்தாம்ப்பா பேசறேன், பொங்கியண்ணன். கேக்குதா?"

"அலோ... லைன்ல ஆளே இல்லீங்களாட்ட இருக்குது."

அர்ச்சுனன் எழுந்து வந்து போனில் வாயை வைத்துக் கத்தினார். வாட்ச்மேன் வந்து கத்தினார். யார்டில் கம்ப்ரசர் ஓடியது. எதுவும் அங்கே கேட்கவில்லை. பூங்கோதை தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "சின்னண்ணன் இத்தனை கத்தறாரு, அது கூடவா கேக்கல," என்றாள்.

"கேக்குதுங்கக்கா!" என்றார் மேனேஜர். "பக்கத்துல உக்காந்து பேசறாப்பல கேக்குது. அண்ணன் என்னன்னுங்க கத்தறாரு?"

ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் போனைத் திருப்பிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், சிலது இப்படி அமைஞ்சுருங்க, ஒரு ஆளுக்குப் பழகிட்டா அந்த ஆளைத்தான் எடுக்கும் என்றார். ஒருத்தர் கை பட்டால்தான் கறக்கும் மாடுகள் அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்ததால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாற்றித் தருகிறேன் என்றார் அவர். பொங்கியண்ணன் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். குரல் அத்தனை தெளிவாகப் போனது அவருக்குப் பிடித்திருந்தது.

"அம்மிணி, நாங்க சொல்றதை நீ சொல்லீரு. கூட ஒண்ணும் சேர்க்க வேண்டாம், ஒண்ணும் விடவும் வேண்டாம்."

"சரிங்கண்ணா."

அப்படியே அவள் செய்தாள். அவனையெல்லாம் மம்முட்டில வெட்டணும் என்று அர்ச்சுனன் மேசையைக் குத்திச் சொன்னால், மம்முட்டில வெட்டணும்னு சொல்றாருங்க என்று அவள் தன் மெல்லிய குரலில் சொன்னாள். கத்தலுக்குப் பழகி மரத்துப்போயிருந்த ஆட்கள் இந்தச் சின்னக் குரலில் அதைக் கேட்டதும் அடங்கிப்போய், தப்புத்தாங்க, இனிமேல் நடக்காதுங்க என்றார்கள். கேம்ப்களில் வேலை ஒழுங்காயிற்று. அர்ச்சுனனுக்கே கத்துவது குறைந்தது, ஏனென்றால் கத்தினாலும் அங்கே போய்ச் சேர்வது அவளுடைய குரல்தான்.

அந்த வருடம் ஆடியில் கலாமணி வந்தாள். அவள் புருஷன் சின்னராசு டொடோமா கேம்பில் ஹெல்ப்பர். யாரோ அங்கே கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டுப் பருப்புப்பொடி கொடுத்துவிட வந்தவள், மீட்டிங் முடியும் நேரமாயிருந்ததால் வாசலில் நின்றாள். அவன் டொடோமாவுக்குக் கிளம்பும்போது போட்ட சண்டை அவர்களுக்குள் அப்படியே கிடந்தது. செல்லில் கூப்பிட்டால் இவள் ஒன்று சொல்வாள், அவன் ஒன்று சொல்வான், யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுவார்கள்.

"சின்னராசு இருக்கறாருங்களாம். பேசறீங்களா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"நான் பேசுனாத்தான் அதுல போகாதுங்களே."

"நான் சொல்றனுங்க."

கலாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அருகில் வந்து காதோடு சொன்னாள். "நான் பண்ணுனது தப்புத்தான். ஆனா அவரு போகையில திரும்பிப் பார்க்காம போனாரு பாருங்க, அது அதைவிடத் தப்பு. இதைச் சொல்லுங்கக்கா. என்ற வாயில வராது."

மச்சான்களுக்காகப் பேசும்போது சொல்றாரு என்று சேர்த்துப் பேசிய பூங்கோதைக்கு, இதை அப்படிச் சொல்லக்கூடாது என்று தோன்றியது. அவள் போனைப் பார்த்து, "நான் பண்ணுனது தப்புத்தான். ஆனா நீங்க போகையில திரும்பிப் பார்க்காம போனீங்க, அது அதைவிடத் தப்பு," என்றாள்.

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. பிறகு சின்னராசு, "பார்த்தேன். நீ உள்ள போயிட்டே," என்றான்.

கலாமணி மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூங்கோதை, "அழறாங்க," என்றாள். அழுகையை மட்டும் அவளால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

அதற்கப்புறம் ஊர் வந்தது. முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு மகனோடு பேச்சில்லாத தகப்பன்கள் வந்தார்கள், பிறகு அண்ணனோடு தகராறான தம்பி வந்தான். எல்லார் கையிலும் செல்போன் இருந்தது, அதில் எல்லாரும் தினமும் பேசினார்கள், மழை பெய்ததா, மாடு கன்னு போட்டதா, கரன்ட் வந்ததா என்றெல்லாம் பேசினார்கள். செல்போனில் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் இங்கே வந்தார்கள். பொங்கியண்ணன் திங்கட்கிழமை மீட்டிங் முடிந்ததும் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு வெளியே போய்விடுவார். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் வராந்தாவில் எதிரே தெரியும் கோவில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே என்ன பேசியது என்று வெளியே யாரும் கேட்கமாட்டார்கள். போகும்போது முருங்கைக்காயோ நிலக்கடலையோ மேசையோரம் வைத்துவிட்டுப் போவார்கள். இது எல்லாம் யாரும் சொல்லி வைத்ததல்ல, ஊருக்கு ஒரு புதுக் கிணறு கிடைத்தால் குடத்தை எங்கே வைப்பது, யார் முதலில் இறைப்பது என்பது தானாகவே அமைந்துவிடுகிற மாதிரி அமைந்தது.

அவள் எல்லாருடைய சொல்லையும் நான் என்றே சொன்னாள். நான் உன்னை அடிச்சிருக்கக் கூடாது சாமி என்றாள் ஒரு தகப்பனுக்காக. எனக்கு ராத்திரியில உங்க மூச்சுச் சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டீங்குது என்றாள் ஒரு புதுப் பெண்ணுக்காக, அந்தப் பெண் வெட்கத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நீ வாங்குன நெலத்துல எனக்கும் பங்கு உண்டுன்னு நான் சொன்னது பொறாமைலதாண்டா என்றாள். கண்ணு, தங்கம், ராசா, என்ற உசுரே என்று, அந்த ஊரில் இருந்த அத்தனை கொஞ்சலும் அவள் வாய் வழியாகத்தான் வெளியே போயிற்று. பதிலுக்கு வந்த கொஞ்சல்கள் மேசை நடுவிலிருந்து எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போய்ச் சேர்ந்தன. அவளைத் தாண்டித்தான் போயின.

ஆனால் ரோட்டில் பார்த்தால் அவளிடம் யாரும் நின்று பேசாமல் போனார்கள். முன்பாவது கடையில் காய் எடுக்கும்போது ஒன்றிரண்டு வார்த்தை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தாங்கள் புருஷனிடம் சொன்னதையெல்லாம் வாய்க்குள் வைத்திருப்பவளிடம் தக்காளி என்ன விலை என்று எப்படிக் கேட்பது? பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லீவில் ஊர் திரும்பிய ஆண்கள், தங்களுக்குப் பழக்கமான ஒரு குரல் இந்த முகத்திலிருந்தா வந்தது என்று திகைத்து, எதிர்ப்பக்கம் கடந்துபோனார்கள். கோவிலில்கூட அவளுக்கு வழி விட்டார்கள், மரியாதையாகத்தான் விட்டார்கள், அந்த வழியில் அவள் தனியாக நடந்துபோனாள். வீட்டுக்கு வந்தால், நாளெல்லாம் அத்தனை பேசிய வாய்க்கு ஒரு சொல்லும் மிச்சமில்லை. அடுப்பில் பால் பொங்கும்போது மட்டும், ஐயோ, என்பாள். அது ஒன்றுதான் அவளுடையது.

டொடோமாவில் போனை எடுத்து ஆட்களைக் கூப்பிட்டு விடுபவர் மாரப்பன். டிரில்லர். மல்லசமுத்திரத்துப் பக்கம் சொந்த ஊர். சம்சாரம் கல்யாணமான இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள், அப்புறம் வண்டியோடு வண்டியாக ஊர் ஊராகத் திரிந்துவிட்டார். அவருக்கென்று யாரும் கூப்பிடப்போவதில்லை என்பதால், யாருக்கு வந்தாலும் ஓடிப்போய்க் கூப்பிட அவரால்தான் முடியும் என்று கேம்பில் அந்த வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள். எல்லாரும் பேசி முடித்தபிறகு அவர் வந்து போனை எடுத்து, "அவ்வளவுதானுங்களா? எனக்கு யாராச்சும் வந்திருக்கறாங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

"இல்லீங்க," என்பாள் அவள்.

"சரிங்க. வச்சர்றனுங்க."

அது ஒரு வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வாரமும் கேட்டார், ஒவ்வொரு வாரமும் அவள் இல்லீங்க என்றாள். மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, எல்லாரும் பேசி முடித்தபிறகு, அவர் போனை எடுத்து, "வச்சர்றனுங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கேட்கவில்லை. அன்றைக்கு அவள் ஒருத்தரும் இல்லாத அறையில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் அவருடைய கேள்வி கேட்கப்படாமல் போனது அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, கடைசி ஆள் எழுந்து போனபிறகு, அவர் வச்சர்றனுங்க என்று தொடங்கும் முன், "இருங்க. உங்களுக்கு ஒருத்தர் வந்திருக்கறாங்க," என்றாள்.

"எனக்குங்களா?"

"ஆமாங்க."

"யாருங்க அது?"

"பேரு சொல்ல வேண்டாங்கறாங்க."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "சரிங்க. என்ன சொல்றாங்க?"

பழக்கத்தில் பூங்கோதையின் தலை எதிரே இருந்த காலி நாற்காலிப் பக்கம் திரும்பிற்று, அங்கிருந்து யாராவது சொன்னால் சொல்லலாம் என்பது போல. பிறகு, "சாப்பாடாச்சுங்களான்னு கேக்கறாங்க," என்றாள். மற்ற எல்லாருக்காகவும் நான் என்று கூசாமல் சொன்ன வாய்க்கு, இந்த ஒருத்திக்கு மட்டும் அவங்க என்றுதான் வந்தது.

"ஆச்சுங்க. இங்க மாவைக் கிண்டிக் களியாட்டப் பண்றாங்க, அதுல நம்ம பருப்பை ஊத்திச் சாப்பிட்டேன். அவங்களுக்கு ஆச்சான்னு கேளுங்க."

அவள் காலி நாற்காலியைப் பார்த்தாள். "ஆச்சுங்களாம்."

இப்படி அது நடந்தது. வாரா வாரம் கடைசியில் மாரப்பன் உட்கார்ந்து பேசினார். அங்கே மழை வருமுன் எறும்புகளுக்குச் சிறகு முளைப்பதைச் சொன்னார். பாறையில் பிட் இறங்கும்போது தண்ணீர் இருக்கிற பாறையின் சத்தம் வேறு, இல்லாததன் சத்தம் வேறு என்றார். செத்துப்போன சம்சாரத்தின் முகம் இப்போது சரியாக நினைவில்லை, அவள் கழுத்தை மட்டும் நினைவிருக்கிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். அவங்க என்ன சொல்றாங்க என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். அவங்களும் அப்பா முகத்தை மறந்துட்டாங்களாம், அவரு செருமுறது மட்டும் காதுல இருக்குதாம் என்றாள் பூங்கோதை. பால் பொங்குனாக்கூட வீட்டுல சொல்ல ஆளில்லைங்கறாங்க என்றாள். "அதை எனக்குச் சொல்லச் சொல்லுங்க," என்றார் அவர், "திங்கக்கெழமை வரைக்கும் சேர்த்து வச்சிருந்து சொல்லச் சொல்லுங்க." சேர்த்து வைத்துச் சொன்னாள்.

பங்குனியில் ஒரு நாள் கலாமணி, வராந்தாவில் விட்டுப்போன குடையை எடுக்கத் திரும்பி வந்தவள், ஜன்னல் வழியாக, காலி நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து யாருக்காகவோ பேசிக்கொண்டிருக்கும் பூங்கோதையைப் பார்த்தாள். அதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனாலும் பயம் வந்தது. இல்லாத ஆளுக்காக இவள் இத்தனை பேசுவாளானால், இருந்த ஆளுக்காக என்னவெல்லாம் பேசியிருப்பாள்?

அந்தக் கேள்வி அன்றைக்கே வீடு வீடாகப் போயிற்று. ஒரு தகப்பன் வந்து, வாசலிலேயே நின்று, "நான் சொன்னதைத்தான சொன்னே அம்மிணி?" என்று கேட்டார். அவள், "ஆமாங்கய்யா," என்றாள். அவர் கொஞ்சநேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். சுவரைப் பார்த்து வெட்கப்பட்ட பெண், தன் புருஷன் தன்னோடு கொஞ்சினானா இவளோடு கொஞ்சினானா என்று மாமியாரிடம் சொல்லி அழுதாள். அடுத்த திங்கட்கிழமை நாற்காலிகள் காலியாக இருந்தன. அர்ச்சுனன் யாரையும் கேட்காமல் சேலத்துக்குப் போய், விலை கூடிய போன் ஒன்று வாங்கி வந்து மேசையில் வைத்தார். பழையதை ஜோதிலிங்கம் வாங்கிக்கொண்டு போனார், பிறகு அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

புது போன் எல்லாரையும் எடுத்தது. அர்ச்சுனனின் கத்தல், யார்டின் கம்ப்ரசர், ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன் எல்லாம் டொடோமாவுக்குப் போயின. மீட்டிங் முடியும்போது மாரப்பன் எடுத்து, "ஆபீஸ் அக்கா இருக்கறீங்களா?" என்று கேட்டார். மச்சான்கள் இருவரும் மேசையில் இருந்தார்கள். வாட்ச்மேன் டீ கொண்டு வந்திருந்தார். ஜன்னலோரத்தில் பூங்கோதை வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.

"எல்லாம் முடிஞ்சுதப்பா, வச்சிரு," என்று அர்ச்சுனன் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது. வைகாசித் தேருக்கு லீவில் வந்த ஆண்களிடம் அவரவர் வீட்டில் கேட்டார்கள், அன்னைக்கு அந்தம்மா என்னன்னு சொல்லுச்சு, அப்படியே சொல்லு. அவர்கள் சொன்னது இவர்கள் சொன்னதாகவே இருந்தது. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் விட்டுப்போகவும் இல்லை. சின்னராசு, திரும்பிப் பார்க்காம போனீங்க என்பதை, அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொல்லிக் காட்டினான். தெரிந்துகொண்ட பிறகு ஊர் பூங்கோதையிடம் வந்திருக்கலாம், ஆனால் இப்போது வெட்கம் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது, முன்னைவிட இன்னும் தள்ளியே நடந்தார்கள். புது போன் முன்னால் ஒரே ஒரு தகப்பன் மட்டும் ஒருமுறை வந்து நின்றார். மகன் அந்தப் பக்கம், "சொல்லுங்கப்பா," என்றான். அவர் மழையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணியில், டொடோமா வேலை முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். ஒரு முற்பகலில் பூங்கோதை ஆபீஸில் தனியாக இருந்தபோது, கேட்டில் வாட்ச்மேனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கும் குரல் ஒன்று கேட்டது. அவள் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டாள். அவள் நினைத்ததைவிடக் குள்ளமாக, தலை பாதி நரைத்து, இடது கையில் ஒரு விரல் நுனி இல்லாமல், கையில் ஒரு பொட்டலத்தோடு அவர் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் மாரப்பனுங்க."

"தெரியுங்க."

"போன்ல பெருசா கேக்கும். நேர்ல உங்க சத்தம் சின்னதா இருக்குது."

"நேர்ல அப்படித்தானுங்க."

அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். "அந்தம்மாவைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. டீக்கடையில கேட்டேன். அப்படி யாரும் வரலே, காலி சேரைப் பார்த்துப் பேசுச்சுன்னு சொல்றாங்க. நான் நம்பல. மூணு மாசம் பேசியிருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? அவங்க நல்ல உசரமா இருப்பாங்க. நெறையப் பேசறவங்க, சிரிக்கறவங்க. நீங்க சுருக்கிச் சுருக்கித்தான் சொன்னீங்க, ஆனாலும் எனக்குத் தெரிஞ்சுது." அவர் அவளை நேராகப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. யாருங்க வந்தது?"

வேடிக்கையாகக் கேட்கிறாரா என்று அவள் அவர் முகத்தில் தேடினாள். இல்லை. அவர் நிஜமாகவே கேட்டார். அவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க என்று சொல்லிவிட்டால் அந்த உசரமான, சிரிக்கிற பெண் எங்காவது ஒரு ஊரில் என்றைக்கும் இருப்பாள். அவருக்கும் நினைத்துக்கொள்ள ஒருத்தி இருப்பாள். அந்தச் சொல் அவள் நாக்குவரை வந்துவிட்டது.

"யாரும் வரலீங்க," என்றாள். "நான் மட்டும்தான் இருந்தேன்."

யார்டில் யாரோ சம்மட்டியால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாரப்பன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"அப்ப அவங்க இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சாவுச்சேதி கேட்டவர்கள் அழுவது போல, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். பூங்கோதை எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தான்தான் அது என்பதைச் சொல்லிவிட்டு, தான் இல்லாமல் போனதற்காக அழுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை, அவளுக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது, அந்தப் பெண் போனது இவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அவங்ககிட்டச் சொல்றதுக்கு நெறைய வச்சிருந்தனுங்க," என்றார் அவர் துண்டுக்குள்ளிருந்து.

"சொல்லுங்க," என்றாள். சொல்லிவிட்டு, காலி நாற்காலிப் பக்கம் திரும்பப்போன தலையை நிறுத்திக்கொண்டாள்.

அவர் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்தார், டம்ளரை வைத்தார், பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வர்றனுங்க என்றார். அவள் சரிங்க என்றாள். வராந்தாவில் இறங்கி, ரிக் லாரிகளுக்கு நடுவே, அவசரமில்லாமல் கேட்டுவரை போனார். கேட்டில் நின்றார். அங்கே நின்றபடியே லாரிகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பொட்டலத்தைக் கை மாற்றினார். பிறகு திரும்பி நடந்து வந்தார். அவள் வாசலுக்கு வந்திருந்தாள். அந்நேரம் பார்த்து யார்டில் கம்ப்ரசரை ஸ்டார்ட் பண்ணினார்கள், தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது.

அவர் ஏதோ கேட்டார். அவள் காதில் கையை வைத்துக் காட்டினாள்.

"உங்க பேரு என்னன்னு கேட்டனுங்க!" என்று அவர் கத்தினார்.

சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு படி ஏறி வந்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, அவளுக்கே தெரியாத ஒரு குரலில், "பூங்கோதை!" என்று கத்தினாள். யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கம்ப்ரசர்காரன் பட்டென்று நிறுத்திவிட்டான். அந்தப் பெயர் யார்டு முழுக்கப் பரவி, சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வாட்ச்மேன் எழுந்து நின்றார். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரப்பன் அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.